சொந்தக் காரணங்களுக்காக...

"தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்களுக்காக என் பணியை ராஜினாமா செய்கிறேன். இதுநாள்வரை நிர்வாகம் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி."

காதல் கடிதத்துக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் அதிகம் காப்பியடிக்கப்பட்ட கடிதம் இதுவாகத்தான் இருக்கும். ஆள் மாறும், தேதி மாறும், வாசகம் மாறாது.

எனக்கு இது நன்றாகத் தெரியும். புனேயில் ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக அதே ஆணிதான். ஒருவர் வேலையை விட்டுப் போனால் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கும்போது "வெளியேறிய காரணம்" என்று ஒரு கட்டம் வரும். ஏதாவது நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. மேலேயிருந்து வரும் தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும். இத்தனை வருஷத்தில் என் மேசைக்கு வந்த தாள்களில் பாதிக்கு மேல் "சொந்தக் காரணம்". ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே தளத்தில், பதினோரு பேருக்கு ஒரே சமயத்தில் சொந்தக் காரணம் வந்த நாளும் உண்டு. என்ன ஒற்றுமை பாருங்கள்.

இந்தப் பதிவு அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றியது. அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

நம்ம ஊர்ப் பையன் ஒருவன், கோவில்பட்டிக்காரன். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். ஹிஞ்சவாடியில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங். 2018 மே 14ஆம் தேதி சேர்ந்தவன். பதவியின் பெயரைக் கேட்டால் மிரண்டுவிடுவீர்கள், சீனியர் என்னமோ ஸ்பெஷலிஸ்ட். அவனுக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது. காலையில் போய் பொட்டி தட்டி, எங்கே ஓட்டை என்று பார்த்து எழுதிவைத்துவிட்டு வருவான். மாதம் 60,000 ரூபாய், அதில் பேசிக் 26,000.

2023 பிப்ரவரி 24, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவனை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜரும் எச்.ஆர். அம்மணியும். தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்து மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். "உன் பெர்பார்மன்ஸ் சரியில்லை. நீயே ராஜினாமா கொடுத்துவிட்டால் இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம், ரிலீவிங் லெட்டர் தருகிறோம். கொடுக்காவிட்டால் நாங்கள் டெர்மினேட் செய்ய வேண்டியிருக்கும். அப்புறம் எந்தக் கம்பெனியும் உன்னை எடுக்காது. இப்போதே, இந்த லேப்டாப்பிலேயே மெயில் அனுப்பிவிடு." மெயில் ஏற்கெனவே டைப் செய்து தயாராக இருந்திருக்கிறது. முதல் வரி உங்களுக்குத் தெரியும்.

தம்பி செய்த ஒரே நல்ல காரியம், "வீட்டில் கேட்கணும், திங்கட்கிழமை சொல்கிறேன்" என்று எழுந்து வந்ததுதான். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வீட்டம்மா வார்த்துக்கொடுத்த தோசையில் பாதிகூட இறங்கவில்லை.

"போட்டுக் கொடுத்துருவமா அண்ணாச்சி? ரெண்டு மாசச் சம்பளம் கையில வரும். பேரு கெடாம இருக்கும்ல?"

"தம்பி, மொதல்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடு, பார்ப்போம்" என்றேன்.

இனி கொஞ்சம் சட்டம். கொட்டாவி விடாமல் படித்தால் பின்னால் உதவும்.

ஒரு கம்பெனி ஆளைக் குறைக்கவே கூடாது என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. குறைத்துக்கொள், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்கிறது. அந்த விலை அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில், 25எஃப் பிரிவில் இருந்தது. ஒரு வருஷத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்வதானால், காரணத்தைச் சொல்லி ஒரு மாத எழுத்துபூர்வ நோட்டீஸ், அல்லது ஒரு மாதச் சம்பளம். அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. கடைசி வருஷம் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதுவும் ஒரு வருஷக் கணக்கு. இந்தப் பணத்தை வெளியே அனுப்பும்போதே கொடுத்துவிட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. அடுத்த பிரிவில் இன்னொன்றும் உண்டு. ஒரே வகை வேலை பார்ப்பவர்களில் யாரை அனுப்புவது என்றால் சாதாரணமாகக் கடைசியில் வந்தவர்தான் முதலில். வேறு மாதிரி செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

ஒருவர் தானாக விலகினால் இதில் எதுவும் பொருந்தாது. நோட்டீஸ் இல்லை, நஷ்டஈடு இல்லை, காரணம் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மெயிலை ஏன் அவ்வளவு அவசரமாகக் கேட்டார்கள் என்று இப்போது புரியும். கம்பெனி கொடுக்க வேண்டிய விலை, அந்த ஒரு வரியில் காணாமல் போகிறது.

"அது மில்லு தொழிலாளிக்கு உள்ள சட்டம்லா அண்ணாச்சி, நமக்கு ஏது?" என்றான் தம்பி. பொட்டி தட்டுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தில் மில் என்றோ யந்திரம் என்றோ நிபந்தனை இல்லை. உடலுழைப்பு, திறன்சார் வேலை, தொழில்நுட்ப வேலை, குமாஸ்தா வேலை எல்லாமே அதில் அடங்கும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும்தான் வெளியே. அதையும் விசிட்டிங் கார்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. தினமும் நீ உண்மையில் செய்யும் வேலை என்ன, உன்னால் ஒருவருக்கு லீவு கொடுக்க முடியுமா, ஒருவரை வேலைக்கு எடுக்க முடியுமா என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2015 ஜனவரியில் சென்னையில் ஒரு பெரிய ஐடி நிறுவனத்தின் பெண் ஊழியர், அப்போது கர்ப்பிணி, தானும் இந்தச் சட்டப்படி தொழிலாளிதான் என்று வழக்குப் போட்டார். அவரை நீக்கிய உத்தரவுக்கு மெட்ராஸ் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த வருஷம், 2016இல், ஐடி ஊழியர்கள் தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை என்று தமிழக அரசும் தெளிவுபடுத்தியது.

இதில் ஒரு வேடிக்கை. சட்டத்தை வாய் கிழியப் பேசுகிற எனக்கு அந்தச் சட்டம் கிடையாது. எனக்குக் கீழே ஆறு பேர். லீவு கொடுக்கிறேன், மார்க் போடுகிறேன், ஆள் எடுக்கிறேன். என்னை அனுப்பினால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதோடு சரி. புரொமோஷன் வந்தபோது வீட்டில் கேசரி செய்து கொண்டாடினோம். அந்தக் கேசரியின் விலை இது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை :-)

சரி, தம்பி கதைக்கு வருவோம். ஆர்டரைப் புரட்டினால் நோட்டீஸ் காலம் 90 நாள் என்று இருந்தது. காலண்டரை எடுத்து எண்ணினேன். அவனுக்கு அப்போது நாலு வருஷம் ஒன்பது மாதம். 90 நாள் முறையாக நோட்டீஸில் இருந்தால் மே மாதம் கடைசியாகிவிடும். மே 13ஆம் தேதியோடு ஐந்து வருஷம் முடிகிறது. ஐந்து வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி. கடைசியாக வாங்கிய பேசிக்கை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். 26,000 என்பதால் கணக்கு சுலபம், வருஷத்துக்கு 15,000, ஐந்து வருஷத்துக்கு 75,000. இன்றைக்கே போ என்று ஏன் விரட்டினார்கள் என்பதற்கு இது ஒன்றே காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சம்பளப் பட்டியல் போடுகிறவன் கண்ணுக்கு அந்தத் தேதி பளிச்சென்று தெரிகிறது.

(ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே முழு வருஷமாகக் கொள்ளலாம் என்று 1998இல் மெட்ராஸ் உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. எல்லா மாநிலத்திலும் கம்பெனிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஐந்து முழுசாக முடிந்தால் வாதமே வராது.)

அப்புறம் அந்த "எந்தக் கம்பெனியும் எடுக்காது" மிரட்டல். என் தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். ஒருவர் விலகியதை பி.எஃப். தளத்தில் நாங்கள் பதியும்போது காரணத்துக்குச் சில தேர்வுகள்தான் கிடைக்கும். வேலையிலிருந்து நின்றவர், ஓய்வு பெற்றவர், பணியில் இறந்தவர், நிரந்தர ஊனமுற்றவர், இப்படி. "துரத்தப்பட்டவர்" என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. ராஜினாமா செய்தவனும் நீக்கப்பட்டவனும் அங்கே ஒரே வரிசைதான். வெளியேறிய தேதியைக் கம்பெனி போடாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நாமே போட்டுக்கொள்ளவும் 2020 ஜனவரியிலிருந்து வழி இருக்கிறது. புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும், உண்மைதான். ஆனால் ஆட்குறைப்பு என்பது ஒழுங்கீனம் இல்லை. ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்க வேண்டுமானால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விசாரணை வைத்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தண்ணீர் பாட்டில் வைத்து முடிக்கிற வேலை இல்லை அது.

அன்று ராத்திரியே தம்பி ஒரு மெயில் அனுப்பினான். ஐந்தே வரி. இன்று இத்தனை மணிக்கு இன்னார் முன்னிலையில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. என் வேலை தேவையில்லை என்று நிர்வாகம் கருதினால் காரணத்தோடு எழுத்தில் தரவும். அதுவரை வழக்கம்போல வேலைக்கு வருவேன். நன்றி. கோபம் இல்லை, வக்கீல் இல்லை, சட்டப் பிரிவு எண்கூட இல்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டுகள், சம்பள உயர்வுக் கடிதங்கள் எல்லாவற்றையும் தன் சொந்தக் கணக்கில் சேமித்துக்கொண்டான். கம்பெனி ஃபைல் ஒன்றையும் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். கோபத்தில் கிளையன்ட் சமாச்சாரத்தைத் தன் மெயிலுக்கு அனுப்பி, இல்லாத குற்றச்சாட்டை இருக்கிற குற்றச்சாட்டாக ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு.

திங்கட்கிழமை எச்.ஆர். அம்மணியின் குரல் மாறியிருந்தது. அந்த வாரம் முழுக்கப் பேச்சு. மார்ச் 6ஆம் தேதி கடிதம் வந்தது. ப்ராஜெக்ட் மூடப்படுவதால் அந்தப் பதவி தேவைப்படவில்லை, 90 நாள் நோட்டீஸ் என்று. பெர்பார்மன்ஸ் என்ற வார்த்தை அதில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சொன்னது இரண்டு மாதச் சம்பளம், 1,20,000. கடைசியில் அவன் வாங்கியது மூன்று மாத நோட்டீஸ் சம்பளம் 1,80,000, நஷ்டஈடு 1,50,000, கிராஜுவிட்டி 75,000. ஆக 4,05,000.

சினிமா மாதிரி சுபம் போட்டுவிடாதீர்கள். அந்த மூன்று மாதமும் அவனுக்கு நரகம். வேலை எதுவும் கொடுக்கவில்லை. ஒன்பது மணிக்குப் போய்க் காலி மேசையில் உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்கு வருவான். நாலு வருஷமாகச் சேர்ந்து சாப்பிட்டவர்கள் கேன்டீனில் வேறு டேபிளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அடுத்த பட்டியலில் தன் பெயர் இருக்குமோ என்ற பயம். "காசு கெடக்கட்டும், இன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டு வந்துரட்டுமா அண்ணாச்சி" என்று ஏப்ரலில் ஒரு ராத்திரி போன் செய்தான். ஊரில் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பையனுக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்தால் அங்கே பேச்சே மாறிவிடும். "மே 13 வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ தம்பி" என்பதைத் தவிர என்னிடம் வேறு சமாதானம் இல்லை. ஆகஸ்டில் சென்னையில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தைக் காட்டியிருக்கிறான். "ஓ, ப்ராஜெக்ட் குளோஸா" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்களாம்.

அதே வெள்ளிக்கிழமை அதே அறைக்குப் போன மற்றவர்கள் மெயிலை அனுப்பிவிட்டார்கள். அவர்களை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கடன் தவணை, ஸ்கூல் ஃபீஸ், மாமனார் ஆபரேஷன் என்று தலைக்கு மேல் இருக்கிறவனுக்கு இரண்டு மாதச் சம்பளம் என்பது இரண்டு மாத மூச்சு. மனு, சமரச அதிகாரி, தொழிலாளர் நீதிமன்றம் என்று போனால் வருஷக் கணக்கில் இழுக்கும் என்பதும் உண்மை. கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாடலாம். ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்பதை நிரூபிக்க வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். "நன்றி" என்று முடியும் ஒரு மெயிலை வைத்துக்கொண்டு அதை நிரூபிப்பது லேசில்லை.

அவசரத்தில் அனுப்பிவிட்டாலும் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977இல், ஆகஸ்ட் 1 முதல் விலகுகிறேன் என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டு, அந்தத் தேதி வருமுன் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. வருங்காலத் தேதியிட்ட ராஜினாமாவை, வேறு சட்டத்தடை இல்லாவிட்டால், அது நடப்புக்கு வருமுன் திரும்பப் பெறலாம் என்று 1978இல் தீர்ப்பு வந்தது. "உடனடியாக" என்று எழுதாமல் தேதி போட்டு எழுதுவதன் அருமை இதில்தான். கம்பெனிகள் "இன்றே" என்று கேட்பதன் காரணமும் இதுதான்.

இதெல்லாம் 2023 கதை. 2025 நவம்பர் 21 முதல் 29 பழைய சட்டங்களை எடுத்துவிட்டு நான்கு தொகுப்புச் சட்டங்களை மத்திய அரசு நடப்புக்குக் கொண்டுவந்தது. மேலே சொன்ன 1947 சட்டமும் கிராஜுவிட்டி சட்டமும் அந்த 29இல் போய்விட்டன. நமக்கு என்ன மாறியது?

ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. கூடவே, குறைக்கப்பட்டவர் புதுத் தொழில் கற்றுக்கொள்ள 15 நாள் சம்பளத்தை நிறுவனம் ஒரு நிதியில் கட்ட வேண்டும், அது அவர் கணக்குக்கு வர வேண்டும். மேற்பார்வையாளருக்கான சம்பள வரம்பு 10,000இலிருந்து 18,000 ஆகியிருக்கிறது. விலகினாலும் விலக்கினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 45 நாள், 60 நாள் என்று இழுத்த எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கு இது பெரிய தலைவலி, உங்களுக்கு நல்லது. கிராஜுவிட்டிக்கான சம்பளம் மொத்தத்தில் பாதிக்குக் குறையக் கூடாது என்ற கணக்கும் வந்திருக்கிறது. தம்பி இன்றைக்கு விலகியிருந்தால் 26,000க்குப் பதில் 30,000, கிராஜுவிட்டி 86,538 வந்திருக்கும். எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம்.

மறுபக்கமும் இருக்கிறது. நீக்கப்பட்டவர் சமரச அதிகாரியிடம் போக மூன்று வருஷம் இருந்தது, இப்போது இரண்டு. தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய எல்லை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது. காலம் குறிப்பிட்ட ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு, ஆனால் அந்தக் காலம் முடிந்து வெளியே அனுப்பினால் அது ஆட்குறைப்பு ஆகாது, நஷ்டஈடும் கிடையாது. புது ஆர்டர் கையில் வந்தால் அது நிரந்தரமா, காலம் போட்டதா என்று முதலில் பாருங்கள். சம்பளத் தொகையைப் பிறகு பார்க்கலாம்.

யாராவது உங்களை அந்த மாதிரி அறைக்குக் கூப்பிட்டால், நாலே விஷயம். அங்கேயே எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள், "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வர உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொன்னதை எழுத்தில் கேளுங்கள், அன்றே நீங்களும் எழுத்தில் பதியுங்கள். சேர்ந்த தேதியையும் நோட்டீஸ் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். என்ன கிடைக்க வேண்டும், என்ன தருகிறார்கள் என்று இரண்டு வரிசையாக எழுதி, அப்புறம் முடிவெடுங்கள். கணக்குப் பார்த்த பிறகும் ராஜினாமாதான் நல்லது என்று தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். அப்போது அது நிஜமாகவே உங்கள் சொந்தக் காரணமாக இருக்கும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, சம்பளக் கணக்கன். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் கொஞ்சம் மாறும். பணம் பெரிதாக இருந்தால் அந்தந்த ஊரில் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வக்கீலுக்கு ஒரு ஃபீஸ் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். தம்பியின் தங்கச்சி கல்யாணம் போன தை மாதம் நல்லபடியாக முடிந்தது. பத்திரிகையில் என் பெயரையும் போட்டிருந்தான். லீவு கிடைக்கவில்லை :-(